மூன்று அச்சு வெல்லம்

மைசூருக்கும் கடலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் என் வேலைக்காலத்தில் பதினோரு வருடம் நான் கடல் நாற்றத்தோடுதான் சிட்டி பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். பக்கத்தில் உட்கார்ந்த பெண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்வார்கள். மீன் விற்கிறவளா என்று ஒருத்தி கன்னடத்தில் கேட்டே விட்டாள். இல்லை, பாசியிலிருந்து சாராயம் காய்ச்சுகிறோம் என்றேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள், பாவம்.

நான் சொன்னது பொய்யில்லை. கடற்பாசியைப் புளிக்கவைத்து எத்தனால் எடுத்து, பெட்ரோலோடு கலந்து வண்டி ஓட்ட முடியுமா என்று பார்ப்பதுதான் எங்கள் பிரிவின் வேலை. கரும்பு போல அதற்கு நிலம் வேண்டாம், தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். கேட்க நன்றாகத்தான் இருக்கும். செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அதன் அழகு.

போன மாதம் காவ்யா வந்தாள். நான் ஓய்வு பெற்ற அதே ஆராய்ச்சிக் கூடத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண். கடற்பாசி வேலையை மறுபடி தொடங்கியிருக்கிறார்களாம். ஸ்டோர் ரூமில் கிடந்த எங்கள் பழைய பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்து வந்திருந்தாள்.

"ஆன்ட்டி, இந்த ஹேண்ட்ரைட்டிங் உங்களுதுதானே, அல்வா? எங்களுக்குப் பாசி கழுவறதே சரியா வரல. நீங்க எப்படிப் பண்ணீங்கன்னு எழுதிக் கொடுங்க. உங்க எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் எழுதுங்க, நம்ம ஸ்டாஃப் மலர்ல போடலாம்" என்றாள்.

எழுதுகிறேன், காவ்யா. ஆனால் நீ கேட்டது கழுவும் முறை. நான் எழுத வேண்டியது நான் செய்த ஒரு திருட்டுத்தனம். மூன்று அச்சு வெல்லத்தால் ஒரு நல்ல மனிதரின் எட்டு வருடத்தை மண்ணாக்கியவள் நான். அவர் இன்னும் இருக்கிறார், இதே மைசூர் சரஸ்வதிபுரத்தில். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் மார்டள்ளிக்காரி, கொள்ளேகால் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ ஊர். பெயர் லூர்து மேரி. கொள்ளேகாலில் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி, மைசூரில் டெக்னிக்கல் அசிஸ்டென்ட் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். முதல் பன்னிரண்டு வருடம் கண்ணாடிக் குடுவை கழுவினேன், பிறகு ஈஸ்ட் வளர்க்கக் கற்றுக்கொண்டேன். அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் டாக்டர் சம்பத்தின் பிரிவுக்கு மாற்றினார்கள்.

சம்பத் சார் மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார். ஒல்லியான உடம்பு, முழுக்கை சட்டை, பையில் எப்போதும் சீவிய பென்சில். சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. யாராவது குடுவையை உடைத்தால்கூட ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, "சரி, ஆச்சு. மொதல்லேர்ந்து சொல்லு, என்ன நடந்தது?" என்பார். திட்டுகிற அதிகாரியிடம் பொய் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இந்த மாதிரி மனிதரிடம் பொய் சொன்னால் தூக்கம் போய்விடும். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பிரிவில் சேர்ந்த அன்று எனக்கு அவர் சொன்னது இதுதான்: "மேரி, எடை போடாம எதையும் உள்ளே போடாதே. எழுதாம எதையும் செய்யாதே. தப்பா எழுதிட்டா அழிக்காதே, அது மேல ஒரே கோடு போடு. பழசும் தெரியணும். பக்கத்துல சரியானதை எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போடு." நானும் பதினோரு வருடம் தலையாட்டினேன்.

இனி கழுவும் முறை. ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து பாசி காய்ந்து மூட்டையாக வரும். உப்புப் பூத்து வெள்ளையாக இருக்கும். அப்படியே தண்ணீரில் போட்டுவிடக் கூடாது, மணலும் சேர்ந்து ஊறிவிடும். முதலில் கம்பிச் சல்லடையில் போட்டுக் காய்ந்தபடியே உதற வேண்டும். பிறகு தொட்டியில் அமுக்கி ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி ஏழு முறை அலச வேண்டும். கசக்கக் கூடாது, கசக்கினால் கோந்து வெளியே வந்து வழவழத்துப்போகும். கடைசித் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

நான் நாக்கு வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் சார் பார்த்துவிட்டார்.

"மீட்டர் இருக்கே மேரி!"

"அது ரிப்பேருங்க சார். நாக்கு ரிப்பேர் ஆகலீங்க."

வேறு யாராக இருந்தாலும் மெமோ கொடுத்திருப்பார்கள். அவர் மீட்டரைச் சரிபண்ணி வரவழைத்து, பத்துத் தொட்டித் தண்ணீரை நாக்காலும் மீட்டராலும் ஒத்துப் பார்க்கச் சொன்னார். ஒன்பது ஒத்துப்போனது. அதையும் பதிவேட்டில் எழுதினார். இனிமேல் நாக்கு வேண்டாம் என்றும் எழுதினார்.

உப்புக்கு ஏன் இவ்வளவு பயம் என்றால், உப்பு மிஞ்சினால் ஈஸ்ட் செத்துப்போகும். முதல் வருடத்தில் இரண்டு முறை அப்படி ஆனது. பாசியை அரைத்து, நீர்த்த அமிலத்தில் வேகவைத்து, சுண்ணாம்பு போட்டுப் புளிப்பை முறித்து, ஈஸ்ட்டை விட்டோம். ஃபெர்மென்டர் என்கிற புளிக்கவைக்கும் கலனிலிருந்து வருகிற குழாயை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருப்போம். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன அதில் குமிழி வரும். அந்த இரண்டு முறையும் இரண்டாம் நாளே குமிழி நின்றது. பார்த்தால் தண்ணீரில் உப்பு. கழுவியது நான். சார் அடுத்த மூட்டையைப் பிரிக்கச் சொன்னார். நான்தான் சோற்று டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

பாசியில் இருக்கிற சர்க்கரையை ஈஸ்ட் லேசில் தொடாது. பிள்ளைக்குப் பாகற்காய் பழக்குகிற மாதிரிப் பழக்க வேண்டும். நாலு நாளைக்கு ஒருமுறை ஒரு துளி ஈஸ்ட்டைப் புதுக் குடுவைக்கு மாற்றி, நல்ல சர்க்கரையைக் கொஞ்சம் குறைத்து, பாசிச் சாற்றைக் கொஞ்சம் கூட்டி, ஒன்றரை வருடம் அதே வேலையாக இருந்தேன். என் மகனுக்கு அம்மை போட்டிருந்தபோதுகூட வந்து மாற்றிவிட்டுப் போனேன். கடைசியில் வெறும் பாசிச் சாற்றிலேயே அது பிழைக்கப் பழகியது. அளவாகத்தான் சாராயம் கொடுத்தது, ஆனால் ஒவ்வொரு தடவையும் அதே அளவு கொடுத்தது. சார் அதிலேயே திருப்தியாக இருந்தார். "சின்ன நம்பர்தான். ஆனா நம்பலாம்" என்பார்.

நான் பிரிவுக்கு வந்த மூன்றாம் வருடம், தசரா முடிந்த திங்கட்கிழமை தில்லியிலிருந்து கமிட்டி வருவதாக இருந்தது. திட்டம் தொடருமா, மூடப்படுமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். அவர்களிடம் காட்டுவதற்காகப் பத்து லிட்டர் ஃபெர்மென்டரை ஆயுத பூஜைக்கு முதல் நாள் காலையில் ஏற்றினோம். சார் பண்டிகைக்கு மேல்கோட்டையில் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினார்.

"ஆறு மணி நேரத்துக்கு ஒரு தரம் சூடு பார்த்து எழுதி வை. வேற எதையும் தொடாதே. ஏதாவதுன்னா உடனே போன் பண்ணும்மா."

"நீங்க நிம்மதியாப் போய்ட்டு வாங்க சார்" என்றேன். எங்கள் பிரிவில் தசரா டியூட்டி எப்போதும் எனக்குத்தான். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் எனக்காகப் பார்ப்பார்கள். அது எங்களுக்குள் எழுதாத ஒப்பந்தம்.

ஆயுத பூஜையன்று காலையில் எல்லோரும் வந்தார்கள். ஆட்டோகிளேவுக்கு மாலை, தராசுக்குச் சந்தனம், ஃபெர்மென்டருக்குக் குங்குமம். கோலம் போட்டது நான்தான், மாதா கோவில் பெண் என்று யாரும் பார்ப்பதில்லை. வாசலில் பூசணிக்காய் உடைத்து, பொரி தின்று, மத்தியானத்துக்குள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். தட்டில் பொரியும் பழமும் மண்டியா அச்சு வெல்லமும் மிச்சம் இருந்தன.

மூன்று மணிக்குப் பார்க்கிறேன், குமிழி நின்றுவிட்டது.

குழாயைத் தட்டினேன். மூடியை இறுக்கினேன். பாட்டிலை மாற்றினேன். ஒன்றுமில்லை. மூன்றாம் நாள்வரை வர வேண்டிய குமிழி இரண்டாம் நாளே நின்றால் என்ன அர்த்தம்? உப்பு. யார் கழுவியது? நான். திங்கட்கிழமை கமிட்டி முன்னால் சார் செத்த ஈஸ்ட்டை வைத்துக்கொண்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். போன் மேஜை மேல்தான் இருந்தது. எடுத்தேன், வைத்தேன். "நான் கழுவினது சரியில்லீங்க சார்" என்று மூன்றாம் தடவையாகச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

தட்டில் வெல்லம் இருந்தது. பசியில் துவண்ட பிள்ளைக்கு வெல்லத் தண்ணீர் கரைத்துக் கொடுப்போமே, அதுதான் புத்தியில் வந்தது. மூன்று அச்சை எடுத்துத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆறவைத்து, ஃபெர்மென்டரின் வாயை நெருப்பில் காட்டி, ஒரு சொட்டு சிந்தாமல் உள்ளே ஊற்றினேன். சுத்தத்தில் குறை வைக்கவில்லை. தராசு இரண்டடி தள்ளி, சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தது. எடைதான் போடவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் குமிழி வந்தது. சந்தோஷத்தில் கண்ணீர் வந்துவிட்டது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பதிவேட்டை எடுத்தேன். 'சேர்த்தது' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினேன். சார் வந்ததும் நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

சார் வந்தார், காய்ச்சி வடித்தார், அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாம் முறை என்னை அளக்கச் சொன்னார். வழக்கமாக வருவதைப்போல இரண்டு மடங்கு இருந்தது. பென்சிலை எடுத்துச் சர்க்கரைக் கணக்கைப் போட்டுப் பார்த்தார். நிமிர்ந்தபோது கண் சிவந்திருந்தது.

"மேரி, நாம ஏத்தின சர்க்கரைக்கு இவ்வளவு வர வாய்ப்பே இல்லே. அப்போ இது பாசியோட கோந்தையே தின்ன ஆரம்பிச்சுடுத்தும்மா. எந்த ஈஸ்ட்டும் செய்யாதது. நீ வளர்த்த ஈஸ்ட்!"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறக்கவும் செய்தேன். அதற்குள் அவர் அறிக்கையில் தன் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதிக் காட்டினார். ஒரு டெக்னிக்கல் அசிஸ்டென்டின் பெயரை அங்கே யாரும் அப்படிப் போட்டதில்லை. "ரொம்பச் சந்தோஷங்க சார்" என்றேன். தூ!

கமிட்டி ஆடிப்போய்விட்டது. திட்டம் நீடித்தது, ஆயிரம் லிட்டர் தொட்டி வந்தது, பத்திரிகையில் சாரின் படம் வந்தது. பிறகு அந்த அளவு ஒருமுறைகூட வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பழைய சின்ன நம்பர்தான். சார் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டார். கபினி ஆற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டார், பாசி பறித்த மாதத்தைச் சந்தேகப்பட்டார். ராமநாதபுரம் போய்ப் பாசி எடுக்கும் பெண்களோடு உட்கார்ந்து, எந்தப் பாறையில் எடுத்தது என்று கேட்டு வந்தார். என்னை மட்டும் சந்தேகப்படவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்குக் 'குமிழி சம்பத்' என்று பெயர் வைத்தார்கள். அதை முதலில் கேட்ட அன்று பாத்ரூமில் போய் அழுதேன். அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து பாசி அலசினேன்.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. அதே மூட்டையில் மிச்சமிருந்த பாசி, அதே ஃபெர்மென்டர், அதே இடத்தில் குங்குமம்.

"அன்னிக்கு ஜன்னல் திறந்திருந்ததா? யார் யார் உள்ளே வந்தா? நீ எங்கே நின்னே? ஒண்ணொண்ணாச் சொல்லு மேரி."

சொன்னேன். ஒன்றைத் தவிர எல்லாம் சொன்னேன். மூன்று மணிவாக்கில் குமிழி குறைந்தபோது அவர் தட்டிலிருந்த வெல்லத்தில் ஒரு துண்டை உடைத்து வாயில் போட்டுக்கொண்டு, இன்னொரு துண்டை என்னிடம் நீட்டினார். "சாப்பிடு. காலேலேர்ந்து நின்னுண்டே இருக்கே." அந்த வெல்லம் என் வாயில் கரையவே இல்லை. இப்போதும் வெல்லம் போட்ட பண்டம் எதையும் நான் தொடுவதில்லை.

மாதா கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "கடவுள் மன்னிச்சுடுவார்மா. நீ அந்த மனுஷன்கிட்ட போய்ச் சொல்லு" என்றார். சரிங்க சாமி என்று எழுந்து வந்தேன். கடவுளிடம் சொல்வது சுலபம், அவர் கிராம் கணக்குக் கேட்கமாட்டார்.

வெல்லம் ஊற்றிய எட்டாம் வருடம் திட்டத்தை மூடினார்கள். முதலில் சொன்ன முடிவை மறுபடி காட்ட முடியவில்லை, பொறுப்பு ஆய்வாளருடையது என்று எழுதினார்கள். அவருக்கு வர வேண்டிய பதவி உயர்வு வரவில்லை. வழியனுப்பு விழாவில் மாலையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு தடவை வந்தது. ஏன் மறுபடி வரலேங்கறது தெரியாமலே போறேன். அது ஒண்ணுதான் வருத்தம்" என்றார். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினேன்.

இத்தனை வருடம் மூடிய வாயைக் காவ்யாதான் திறந்தாள். பதிவேட்டை என்னிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது, "ஆன்ட்டி, எங்க ஃபர்ஸ்ட் பேட்ச் ரிசல்ட் வந்துடுச்சு. கேக் வெட்டினோம். கமிட்டி கூட, நல்ல ஆரம்பம், நிதானமாப் பண்ணுங்கன்னு சொன்னாங்க" என்றாள். எவ்வளவு வந்தது என்று கேட்டேன். சொன்னாள். அது சாரின் பழைய சின்ன நம்பர். அதற்கு ஒரு இழைகூட அதிகமில்லை. அந்த நம்பருக்குத்தான் கேக்.

மறுநாள் காலையே பதிவேட்டை எடுத்துக்கொண்டு சரஸ்வதிபுரம் போனேன்.

"வாம்மா மேரி! ஏன் வாசல்லயே நிக்கறே? வைதேகி, யார் வந்திருக்கா பாரு" என்றார். ரொம்பத் தளர்ந்திருந்தார். பையில் மட்டும் பென்சில் இருந்தது. உட்காராமலே சொல்லி முடித்தேன். குமிழி நின்றது, போனை எடுத்து வைத்தது, வெல்லம், 'இல்லை' என்று எழுதியது, எல்லாம்.

பையிலிருந்து பென்சிலை எடுத்தார். பிறகு, "எவ்வளவு கிராம்?" என்றார்.

"எடை போடலீங்க சார்."

"எடை போடாமயா போட்டே!"

அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். அவர் மனைவி வைதேகி மாமி சமையலறையிலிருந்து ஓடி வந்தார்.

"மூணு அச்சுங்க சார். மண்டியா வெல்லம். ஒண்ணுல முனை உடைஞ்சிருந்துதுங்க."

"வைதேகி, ஆத்துல அச்சு வெல்லம் இருக்கா? உன் சமையல் தராசையும் எடுத்துண்டு வா."

மாமி ஒன்றும் புரியாமல் கொண்டுவந்து வைத்தார். மூன்று அச்சை எடுத்து, ஒன்றின் முனையை விரலால் கிள்ளி, "இவ்வளவா?" என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் பெரிதுங்க சார் என்றேன். இன்னும் கிள்ளினார். தராசு முந்நூற்றுப் பத்து கிராம் காட்டியது. தினசரிக் காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். கணக்கு ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. வெல்லத்துக்கு உண்டான சாராயத்தைக் கழித்தார். மிஞ்சியது அந்தச் சின்ன நம்பர்.

பென்சிலைக் கீழே வைத்தார்.

"அது சாகலே மேரி. அந்த வருஷம் வெயில் ஜாஸ்தி, சீக்கிரமே சாப்ட்டு முடிச்சுடுத்து. அவ்வளவுதான். நீ நன்னாத்தான் அலம்பியிருந்தே."

அதற்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம். "அன்னைக்கே சொல்லியிருக்கணுங்க சார்" என்றேன்.

"சொல்லியிருந்தா நான் கோபிச்சுண்டிருக்க மாட்டேனேம்மா."

"தெரியுங்க சார்." தெரிந்துதான் சொல்லாமல் இருந்தேன். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பதிவேட்டில் அந்தத் தேதியைத் திறந்து, பென்சிலை ஒதுக்கிவிட்டு மாமியிடம் பேனா வாங்கி என்னிடம் கொடுத்தார். "ஒரே கோடு. பழசும் தெரியணும்." 'இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தேன். பக்கத்தில் வெல்லம், முந்நூற்றுப் பத்து கிராம் என்று எழுதினேன். அன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்த பக்கத்தைப் புரட்டி, தன் கையெழுத்தில் இருந்த எண்ணின் மேல் விரலை வைத்தார். "இது சரி" என்றார். அடுத்த பக்கம். "இதுவும் சரி." மாமி வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. எட்டு வருடத்தையும் அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன்.